ஒரே ஒரு வாய்தானே!

சீலியாக் நோயுள்ள குழந்தையின் ஒரு நாளைக் கோதுமை இல்லாமல் கடத்துவது எப்படி? - கவர் ஸ்டோரி

தஞ்சாவூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். காலை டிபன், இரண்டாம் பந்தி. இலை ஓரத்தில் நெய் மினுங்கும் கேசரி விழுகிறது. அடுத்து இட்லி, பொங்கல், வடை, பூரி மசால், ரவா கிச்சடி. நான்கு வயதுப் பெண் குழந்தையின் இலைக்கு மேல் மட்டும் அவள் அம்மாவின் கை குறுக்கே நீள்கிறது. “அண்ணே, பாப்பாவுக்கு எதுவும் வைக்காதீங்க. வீட்லேர்ந்து கொண்டாந்திருக்கோம்.” பையிலிருந்து எவர்சில்வர் டப்பா வெளியே வருகிறது. உள்ளே வீட்டு இட்லி, தேங்காய்ச் சட்னி, இரண்டு பூரணக் கொழுக்கட்டை.

எதிர் வரிசையிலிருந்து பெரியத்தையின் குரல். “ஏம்மா, கல்யாண வீட்டுக்கு வந்து பச்சப்புள்ளைக்கு டப்பா சோறா? ஒரே ஒரு வாய் கேசரிதானே, என்ன ஆயிடப் போவுது? நாங்கள்லாம் புள்ளை வளக்கலையா?” குழந்தை அம்மாவைப் பார்க்கிறது, பிறகு கேசரியைப் பார்க்கிறது.

அந்த இலையை ஒருமுறை உன்னிப்பாகப் பாருங்கள். கேசரியும் கிச்சடியும் ரவை, அதாவது கோதுமை. பூரியும் கோதுமை. வடை உளுந்துதான், ஆனால் பூரி பொரித்த அதே எண்ணெயில் வெந்தது. பொங்கலில் அரிசியும் பருப்பும்தான், ஆனால் தாளிப்பில் பெருங்காயம்; அதற்குள்ளும் கோதுமை மாவு ஒளிந்திருக்கலாம். சாம்பாரிலும் அதே பெருங்காயம். மிஞ்சுவது இட்லி மட்டும். அதையும் பரிமாறுகிறவர் பூரி எடுத்த கையாலேயே எடுத்து வைக்கிறார்.

அந்த அம்மா பிடிவாதக்காரி அல்ல. அவள் குழந்தைக்கு சீலியாக் நோய்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம் குளூட்டன். சப்பாத்தி மாவு பிசையும்போது இழுபடுகிறதே, அந்த இழுவையைத் தருவது அதுதான். சீலியாக் உள்ள குழந்தையின் உடம்புக்குள் அது போனதும், நோய் எதிர்ப்புச் சக்தி திரும்பி நின்று சொந்தச் சிறுகுடலையே தாக்கத் தொடங்கும். சிறுகுடலின் உட்புறம் டர்க்கி டவலைப் போலப் பொடி இழைகள் நிறைந்தது. சாப்பாட்டிலிருந்து சத்தை உறிஞ்சுவது அந்த இழைகள்தான். அவை தேய்ந்து மழுங்கிவிட்டால் எவ்வளவு ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது.

கோதுமை கலந்த இணை உணவு தொடங்கிச் சில மாதங்களில், பல குழந்தைகளுக்கு இரண்டு வயதுக்குள், அறிகுறிகள் தலைகாட்டும். தீராத வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, சூம்பிய கை கால், எதற்கெடுத்தாலும் சிணுங்கல். சில குழந்தைகளுக்கு இதற்கு நேர்மாறாக மலச்சிக்கல் இருக்கும். இன்னும் சிலருக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இராது. ரத்தசோகையும் குள்ளமான வளர்த்தியும் மட்டும்தான் தெரியும். வயதுக்கேற்ற உயரம் இல்லையென்று காட்டப் போன இடத்தில் இந்த நோய் வெளிப்பட்ட குழந்தைகள் உண்டு.

இதற்கு மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. ஆயுள் முழுக்கக் குளூட்டன் இல்லாத பத்தியம் ஒன்றுதான் வைத்தியம். பத்தியம் சரியாக இருந்தால் சில வாரங்களிலேயே குழந்தை தேறும், எடை ஏறும், குடல் இழைகள் மெல்ல வளர்ந்துவிடும். தொடக்கத்தில் பாலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பாலைச் செரிக்கும் நொதி அந்த இழைகளின் நுனியில்தான் சுரக்கிறது. குடல் தேறியதும் பால் மறுபடி சேரும். குளூட்டனுக்கு அந்தச் சலுகை ஒருநாளும் இல்லை.

*
பெட்டிச் செய்தி: பஞ்சத்தில் தெரிந்த உண்மை

இந்த நோயைக் குழந்தைகளிடம் தெளிவாக விவரித்தவர் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ. ஆண்டு 1888. காரணம் உணவில்தான் இருக்கிறது என்று ஊகித்தவருக்கு அது எந்த உணவு என்று பிடிபடவில்லை. விடை சொன்னவர் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலமான 1944-45இல் அந்த நாட்டில் கடும் பஞ்சம்; ரொட்டி கிடைக்கவில்லை. இந்த நோயுள்ள குழந்தைகள் அப்போது தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. கோதுமை மீது அவருக்கு முன்பே இருந்த சந்தேகம் இதில் உறுதிப்பட்டது. 1950இல் அதை ஆய்வேடாகவே எழுதினார்.
*

ஒரு வாயில் எவ்வளவு?

பெரியத்தையின் கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்லலாம். 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் பத்தியத்தில் இருந்த சீலியாக் நோயாளிகள் சிலருக்குத் தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் குடல் இழைகள் மறுபடி தேய்ந்தன. ஒரு ஸ்பூன் கேசரியில் 3 கிராம் ரவை இருப்பதாக வைத்துக்கொண்டால், அதில் குளூட்டன் மட்டும் 250 மில்லிகிராம் வரும். அந்த ஆய்வின் ஒரு நாள் அளவைப் போல ஐந்து மடங்கு, ஒரே ஸ்பூனில்.

இதில் பெரிய சிக்கல், அந்த வாய் கேசரி சாப்பிட்டதும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம் என்பதுதான். வேர்க்கடலை அலர்ஜி மாதிரி உடனே முகம் வீங்காது, மூச்சு முட்டாது. சில குழந்தைகள் வாந்தி எடுக்கும். சில குழந்தைகள் சிரித்து விளையாடிக்கொண்டே இருக்கும். “பாத்தியா, ஒண்ணும் ஆகலையே!” என்று சுற்றியிருப்பவர்கள் தெம்பாகிவிடுவார்கள். சேதம் வெளியே தெரியாமல் உள்ளே நடந்துகொண்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் வளர்த்தி குன்றும், பருவமடைவது தள்ளிப்போகும், எலும்பு பலம் இழக்கும். அரிதாகக் குடலில் புற்றுநோய் வரைக்கும் போகும்.

அரிசிச் சீமையில் ஏன் இந்தப் பேச்சு?

இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. சீலியாக்குக்கான எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம் பேரின் ரத்தத்தில் இருந்தது; தெற்கே 0.10 சதவீதம்தான். ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வடக்கே 38.1 சதவீதம், தெற்கே 36.4 சதவீதம். ஏறக்குறைய சமம். மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் தட்டில்தான் இருந்தது: வடக்கே ஒருவர் ஒரு நாளில் சாப்பிட்ட கோதுமை சராசரியாக 455 கிராம், தெற்கே 25 கிராம்.

இந்தக் கணக்கில் தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் இருக்கின்றன. நல்லது: நம் சமையல் பாதிக்கு மேல் தானாகவே குளூட்டன் இல்லாதது. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, ஆப்பம், களி, கம்பங்கூழ், அவல், பொரி, கப்பக்கிழங்கு, அதிரசம் என்று பட்டியல் நீளும். சாமை, தினை, வரகு, குதிரைவாலி, சோளம் எதிலும் குளூட்டன் கிடையாது. ஐரோப்பாவில் ஒரு தாய் ‘குளூட்டன் ஃப்ரீ’ ரொட்டிக்குக் கொள்ளை விலை கொடுக்கிறாள். இங்கே கேழ்வரகு அடை போதும்.

கெட்ட செய்தி: நோய் அரிதாக இருப்பதால் யாருக்கும் தெரியவில்லை. உறவினருக்குத் தெரியாது, பள்ளிக்குத் தெரியாது, ஓட்டல்காரருக்குத் தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து சொல்லிப் புரியவைக்கும் வேலை அம்மாவின் தலையில் விழுகிறது. நம் தட்டும் மாறிக்கொண்டே வருகிறது. ராத்திரி சப்பாத்தி, வாரக்கடைசியில் பரோட்டா, நான்கு மணிக்கு பிஸ்கட், அவசரத்துக்கு நூடுல்ஸ் என்றாகிவிட்ட வீடுகளில் அந்த 25 கிராம் கணக்கு எப்போதோ தாண்டியிருக்கும்.

அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில்

சப்பாத்தியையும் பிரெட்டையும் விலக்குவது எளிது, கண்ணுக்குத் தெரிகிறது. தமிழ்ச் சமையலறையில் கோதுமை மறைந்திருக்கும் இடம் பெருங்காய டப்பா. பெருங்காயம் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து வருவது. அதன் காரம் தாங்காது என்பதால் கூட்டுப் பெருங்காயமாகவே விற்கிறார்கள். பிசினோடு கருவேலம் பிசின் வகை, மாவு இவற்றைக் கலந்து கட்டியாகவோ தூளாகவோ ஆக்குவார்கள். அந்த மாவு பல பிராண்டுகளில் கோதுமை அல்லது மைதா. டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் தெரியும்.

சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, ஊறுகாய், புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி, முறுக்கு, மிக்ஸர், அப்பளம், நீர்மோர் என்று அது போகாத இடமில்லை. அதனால் முதல் வேலை, அரிசி மாவு சேர்த்த பெருங்காயமோ கலப்பில்லாத பால் பெருங்காயமோ தேடி வாங்குவது. கிடைக்காவிட்டால் பெருங்காயம் இல்லாமலே சமையுங்கள். பூண்டும் சீரகமும் தட்டிப்போட்ட ரசத்தைக் குழந்தை குறையொன்றும் சொல்லாமல் குடிக்கும். கடையில் வாங்கும் சாம்பார்ப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் இதே சோதனை உண்டு.

அடுத்தது ‘சத்தானது’ என்று நம்பி வாங்கும் பொருள்கள். ராகி சேமியா பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். ராகி பிஸ்கட், சிறுதானிய நூடுல்ஸ் கதையும் இதேதான். பாலில் கலக்கும் மால்ட் பானங்களில் பார்லி, பல நேரம் கோதுமையும். கார்ன்ஃப்ளேக்ஸில் மக்காச்சோளத்தோடு பார்லி மால்ட் சேர்த்திருப்பார்கள். சோயா சாஸில் கோதுமை. பாட்டி கைப்பக்குவச் சத்துமாவில் சம்பா கோதுமை ஒரு படி விழுந்திருக்கும். காய்ச்சலில் படுத்தால் கொடுக்கும் பார்லிக் கஞ்சியை இந்தக் குழந்தைக்கு மறந்தும் கொடுக்கக் கூடாது. ஓட்ஸில் குளூட்டன் இல்லையென்றாலும் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுகிறது. மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

*
பெட்டிச் செய்தி: பாக்கெட்டைப் படிக்கும் முறை

- ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட, ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சர்வதேச கோடெக்ஸ் அளவும் இதுதான். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியும் இதையே சொல்கிறது.
- கோதுமை, பார்லி, ரை சேர்ந்திருந்தால் ஒவ்வாமை அறிவிப்பில் அதைச் சொல்லியாக வேண்டும். பொருள் பட்டியலுக்குக் கீழே பார்க்கலாம்.
- மைதா, ரவை, ஆட்டா, சேமியா, மால்ட்: இவற்றில் எது இருந்தாலும் பாக்கெட்டை வைத்துவிடுங்கள்.
- போன மாதம் வாங்கிய அதே பிராண்டுதான் என்று விடாதீர்கள். சேர்மானம் மாறக்கூடும். ஒவ்வொரு முறையும் படியுங்கள்.
*

மாவு மில், தோசைக்கல், சல்லடை

சுத்தமான கேழ்வரகை வாங்கி, கழுவிக் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்து வருகிறோம். நமக்கு முன்னால் வந்தவர் அதே மெஷினில் பத்து கிலோ கோதுமை அரைத்துப் போயிருப்பார். கல்லிடுக்கிலும் துணிக் குழாயிலும் தங்கிய மாவு நம் தூக்குவாளியில் விழும். சீலியாக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு மில் மாவு ஆகாது என்றே நான் சொல்வேன். மிக்ஸியில், தனி ஜாரில், கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொள்ளலாம். இடுப்பொடியும் வேலைதான். வாரம் ஒருமுறை அப்பாவும் இதைச் செய்யலாம்.

சப்பாத்தி போட்ட தோசைக்கல்லில் தோசை வார்த்தால் கோதுமை ஒட்டிக்கொண்டு வரும். இரும்புக் கல்லை எவ்வளவு தேய்த்தாலும் முழுக்கப் போகாது. குழந்தைக்கென்று ஒரு கல், ஒரு தோசைத் திருப்பி, ஒரு சல்லடை, ஒரு மரக்கரண்டி தனியாக வைத்துக் கைப்பிடியில் சிவப்புத் துணியோ பெயிண்டோ அடையாளம் போட்டுவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்தால் போதும். ஆனால் சல்லடையின் கம்பி இடுக்கில் ஒட்டிய மைதா எளிதில் போகாது. பூரி பொரித்த எண்ணெயை ஒதுக்கிவிட வேண்டும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், குளூட்டன் சாகாது. கைக்குச் சானிடைசர் பிரயோஜனமில்லை, சோப்பும் தண்ணீரும்தான்.

வீட்டில் எல்லோருமே கோதுமையை விட்டுவிட வேண்டுமா? அது அவரவர் சௌகரியம். ஆனால் குழந்தை சின்னதாக இருக்கும் வீட்டில் சமையலறைக்குள் கோதுமை மாவு வராமல் இருப்பது அம்மாவின் பாதிக் கவலையைக் குறைக்கும். அண்ணனோ அக்காவோ பிரெட் சாப்பிட ஆசைப்பட்டால் வெளியில் சாப்பிடட்டும்.

பள்ளிக்கூட வாசலில்

எல்.கே.ஜி.யில் சேர்க்கும் நாளிலேயே வகுப்பு ஆசிரியையிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள், மருத்துவரின் சீட்டோடு. ‘கோதுமை, ரவை, மைதா, சேமியா, பிஸ்கட், கேக் எதையும் தர வேண்டாம். நாங்கள் அனுப்புவது மட்டும் போதும்’ என்று நான்கு வரி இருந்தால் போதும். நீண்ட விளக்கத்தை யாரும் படிப்பதில்லை. ஆசிரியையின் அலமாரியில் ஒரு டப்பா இருக்கட்டும்: கடலை மிட்டாய், எள்ளுருண்டை, லேபிள் பார்த்து வாங்கிய சாக்லேட். யாருக்காவது பிறந்தநாள் என்று கேக் வரும்போது குழந்தை கையில் அதிலிருந்து ஒன்று. மற்ற குழந்தைகள் தின்ன, இது மட்டும் வேடிக்கை பார்க்கும் நிலை வரக் கூடாது. பத்தியம் உடைவது பெரும்பாலும் பசியால் அல்ல, அந்தத் தனிமையால்தான்.

டப்பாவைப் பகிர்ந்து சாப்பிடுவது நம் பிள்ளைகளின் அழகான பழக்கம். இந்தக் குழந்தையும் கொடுக்கலாம், வாங்கக் கூடாது. கைவினை வகுப்பையும் மறந்துவிடாதீர்கள். காகிதம் ஒட்டக் காய்ச்சும் பசை மைதா. உருட்டி விளையாடும் வண்ண மாவு சிலவற்றில் கோதுமை. தோலில் படுவதால் கெடுதல் இல்லை. கை வாய்க்குப் போவதுதான் பிரச்சினை. விளையாடி முடித்ததும் கை கழுவப் பழக்கினால் போதும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பற்றி யாரும் பேசுவதில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் பல லட்சம் பிஞ்சு வயிறுகளை நிறைத்த நல்ல திட்டம். அதன் தொடக்க உணவுப் பட்டியலில் ரவா உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவா உப்புமா, கிச்சடி என்று கோதுமை வகைகளே அதிகம். அரிசி உப்புமாவும் வெண்பொங்கலும் அதே பட்டியலில் உண்டு. அங்கன்வாடிச் சத்துமாவிலும் கோதுமை இருக்கிறது. தினக்கூலி வீட்டுப் பிள்ளைக்கு இந்த நோய் இருந்தால், அரசு கொடுக்கும் உணவே பல நாள் அதற்கு ஆகாது. வாங்கிக் கொடுக்க வீட்டில் காசும் இராது. அப்படி ஒரு குழந்தை இருக்கும் பள்ளியில் அதற்கு மட்டும் தனிப் பாத்திரத்தில் அரிசி உப்புமா கிளற ஓர் ஆணை போதும். செலவு மிகச் சொற்பம்.

கோயில், சர்ச், ரயில், ஓட்டல்

பழநிப் பஞ்சாமிர்தம் வாழைப்பழமும் சர்க்கரையும் பேரீச்சையும் நெய்யும் தேனும் சேர்ந்தது, கோதுமை இல்லை. சர்க்கரைப் பொங்கலும் பொதுவாகப் பயமில்லை. புளியோதரையிலும் வெண்பொங்கலிலும் பெருங்காயம் இருக்கும். சந்தேகம் இருந்தால் விபூதி, துளசி, ஒரு வாழைப்பழம் போதும், சாமி கோபிக்காது. கத்தோலிக்கக் குழந்தை முதல் நற்கருணைக்குத் தயாராகும்போது பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசுங்கள். அப்பம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்பது திருச்சபை விதி. குளூட்டன் மிகக் குறைத்த அப்பத்துக்கும், திராட்சை ரசம் மட்டும் பெறுவதற்கும் அதே திருச்சபை அனுமதி தந்திருக்கிறது.

ரயில் பயணத்துக்கு எலுமிச்சைச் சாதம், அவல், வறுத்த கடலை, பழம் கையோடு இருக்கட்டும். ரயில் தாமதமாகும் என்று வைத்து ஒரு வேளைக்குக் கூடுதலாகவே கட்டுங்கள். ஓட்டலில் ‘குளூட்டன்’ என்று சொன்னால் சர்வர் விழிப்பார். “கோதுமை, மைதா, ரவை ஒத்துக்காது, உடம்புக்கு முடியாமப் போயிடும்” என்று சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார். பரோட்டாவும் ரவா தோசையும் வேகும் கல்லில் வரும் தோசையை நம்ப வேண்டாம். அவித்த இட்லி, வெறும் சாதம், கட்டித் தயிர், தாளிக்காத தேங்காய்ச் சட்னி ஓரளவு பாதுகாப்பு. ஐஸ்கிரீம் கப்பில் வாங்குங்கள், கோனில் கோதுமை.

குழந்தையிடம் பேசுங்கள்

மூன்று வயதுக் குழந்தைக்கே சொன்னால் புரியும். “இது உன் வயித்துக்கு ஆகாது, வலிக்கும்” என்று எளிமையாக, ஒரே மாதிரி, வீட்டில் எல்லோரும் சொல்ல வேண்டும். ‘கெட்ட சாப்பாடு’ என்று சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை தினமும் அதைத்தான் சாப்பிடுகிறான். நான்கைந்து வயதில் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடமாக்குங்கள்: “அம்மாகிட்ட கேட்டுட்டு சாப்பிடறேன் ஆன்ட்டி.” யார் எதை நீட்டினாலும் அதுதான் பதில். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதும் பாக்கெட்டில் ‘கோதுமை’ என்ற சொல்லைத் தேடுவதை விளையாட்டாக்கலாம். கடையில் அதுவே முதலில் கண்டுபிடித்துக் காட்டும்போது அந்த முகத்தில் தெரியும் பெருமிதம் பெற்றோருக்குப் பெரிய தெம்பு.

தெரியாமல் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வந்து சொன்னால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை மறைக்கும். என்ன சாப்பிட்டது, எங்கே, எவ்வளவு என்று கேட்டுக் குறித்துவையுங்கள். தண்ணீர் கொடுங்கள். வாந்தியோ பேதியோ நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். பத்தியம் சரியாக நடக்கிறதா என்று அவர் சொல்லும் இடைவெளியில் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். உயரமும் எடையும் இரும்புச் சத்தும் வைட்டமின் டி-யும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். பேரப்பிள்ளையின் ஏக்கத்தைப் பார்க்கத் தாங்காமல்தான் ஒளித்து ஒரு பிஸ்கட் கொடுக்கிறீர்கள். அந்தப் பாசத்தைக் கொழுக்கட்டையாகவும் எள்ளடையாகவும் கோதுமை சேர்க்காத பொரிவிளங்காய் உருண்டையாகவும் கொடுங்கள். கோதுமை வருவதற்கு முந்தைய தின்பண்டங்கள் அத்தனையும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. அடுத்த தலைமுறை அம்மாக்களுக்கு அவற்றைச் செய்யத் தெரியாது. பெருங்காயம் தயாரிக்கும் கம்பெனிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: கோதுமை மாவுக்குப் பதில் அரிசி மாவு சேர்த்தால் ருசி மாறப் போவதில்லை. ஏற்கெனவே அப்படிச் செய்கிறவர்கள் அதை டப்பாவின் முன்பக்கம் பெரிதாகப் போடுங்கள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு குழந்தை மாதக்கணக்கில் இரும்புச் சத்து டானிக் குடித்தும் ரத்தம் ஊறாமல், வயதுக்கேற்ற எடையும் உயரமும் இல்லாமல், அடிக்கடி வயிறு சரியில்லாமல் இருந்தால், குழந்தை நல மருத்துவரிடம் “சீலியாக் டெஸ்ட் எடுக்கணுமா டாக்டர்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முதலில் டி.டி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனை. தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலிலிருந்து சிறு திசு எடுத்துப் பார்ப்பார்கள். நோய் உறுதியானால் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மற்றவர்களைவிட அவர்களுக்கு இருக்க வாய்ப்பு அதிகம். சந்தேகம் வந்ததும் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் நோய் இருந்தும் ரிசல்ட்டில் தெரியாமல் போகும்.